அது சோற்றுக் கரண்டி அல்ல

கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் பயன்படுத்திய ‘சோற்றுக் கரண்டி’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வளைந்த எலும்புத் தகடு, பிடியில் கண்கள் பெரிதாகச் செதுக்கிய முகம். படம் உண்மையானது, விளக்கம் தவறு.

அது வாந்தி வரவழைக்கும் கருவி. கடற்பசுவின் விலா எலும்பில் செய்வார்கள்; வளைவு விலாவுக்கே உரியது. கோஹோபா சடங்குக்கு முன் அதைத் தொண்டைக்குள் செலுத்தி வயிற்றைக் காலி செய்துகொள்வார்கள். தெய்வ ஆவிகளான செமிகளுடன் பேச வெறும் வயிறும் தூய உடலும் வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் பிறகுதான் கோஹோபா விதைப்பொடியைக் குழலால் மூக்கில் உறிஞ்சுவார்கள். ஹிஸ்பானியோலா தீவில் அவர்களிடையே வாழ்ந்த துறவி ரமோன் பானே, 1490களிலேயே இந்தச் சடங்கை எழுதிவைத்திருக்கிறார்.

அன்றாடச் சாப்பாட்டைக் காட்ட வேண்டுமென்றால் ‘புரேன்’ என்ற வட்டக் களிமண் தட்டின் படத்தைப் போடுங்கள். கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. கிழங்கைத் துருவி, பின்னிய நீள்குழாயில் அடைத்து இழுத்துப் பிழிந்து சாற்றை வெளியேற்றிய பிறகே அந்தத் தட்டில் ரொட்டி சுட்டார்கள். எத்தனை நுட்பமான சமையல்!

‘அந்த இனம் அடியோடு அழிந்துவிட்டது’ என்று பதிவு முடிவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பஹாமாஸில் கிடைத்த ஆயிரம் ஆண்டுப் பழமையான பல்லின் மரபணு, இன்றைய போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் அந்த வம்சத்தின் தொடர்ச்சி இருப்பதை 2018இல் உறுதிசெய்தது. தங்களைத் தாயினோ என்றே சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன.