எட்டு அங்குலம் என்று யார் சொன்னது?

டிரம்ஸ் வாங்க அலைந்ததைவிட, அதைத் தூக்கிப்போகப் பெட்டி வாங்கத்தான் அதிகம் அலைந்திருக்கிறேன். மூன்று மாதமாகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தொடங்கிக் கிள்ளான்வரை போய்விட்டேன். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன அளவு?"

அளவா? சொல்கிறேன், கேளுங்கள். என்னுடையது மின்னணு டிரம்ஸ். டாம் பேடு, அதாவது குச்சியால் அடிக்கும் வட்டத் தட்டு, எட்டு அங்குலம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அது அடிக்கிற வலைப்பரப்பின் அளவு மட்டும். சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்போடு அளந்தால் பத்து அங்குலம். கம்பியில் மாட்டும் பிடி ஒரு பக்கம், ஒயர் செருகும் வாய் இன்னொரு பக்கம் என்று அதுவேறு துருத்திக்கொண்டு நிற்கிறது. சரி, பன்னிரண்டு அங்குலப் பை வாங்கலாம் என்றால், அது சாதாரண மர டிரம்முக்குத் தைத்தது, ஆழம் எட்டு அங்குலம். தட்டுபோல் சப்பையாக இருக்கும் என் பேடு அதற்குள் கிணற்றில் விழுந்த தேங்காய் மாதிரி உருளுகிறது.

"அதனால் என்ன தம்பி, மூன்று டாம் பேடையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுங்கள்" என்றார் ஒரு கடைக்கார அண்ணன். பொறுமையாகத்தான் விளக்கினேன். வலைத்தோலுக்கு நேர் கீழே, நடுவில், ஒரு நுரைக்கூம்பு இருக்கிறது. அடியின் அதிர்வை அதுதான் கீழேயுள்ள உணரிக்குக் கடத்துகிறது. மேலே பாரம் ஏறி அந்தக் கூம்பு நசுங்கிப்போனால், மெல்லத் தட்டும்போது சத்தம் சரியாக வராது. அண்ணன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இரண்டை அடுக்குங்கள்" என்றார்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் நீளப் பை ஒன்று உண்டு. வாங்கினேன், ஒழிந்தேன். கம்பிச் சட்டம், மிதி, பேடு, சிம்பல், ஒயர் எல்லாம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு பயணம் செய்யும் பை அது. செந்தூலில் ஒரு திருமண விருந்துக்குப் போய் இறக்கினால், ஒலிப்பெட்டியின் திருகு குமிழ் தனியாகக் கையில் வந்தது. மொத்த டிரம்ஸுக்கும் மூளை அந்தப் பெட்டிதான். அது பேசாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் ரப்பர். மணமக்கள் மேடையேறும் நேரத்தில், குமிழ் இருந்த இடத்தில் மிச்சமிருந்த தண்டை இடுக்கியால் திருகிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா வந்து "ஃபியூஸ் போய்விட்டதா?" என்று கேட்டார்.

வன்பெட்டி செய்துகொள்ளலாமே என்பீர்கள். ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட், ஓரமெல்லாம் அலுமினியம், உள்ளே நுரை. அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் நான் இருப்பது மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் நான்காவது மாடி. என் கார் சின்ன மைவி. அந்தப் பெட்டியை ஏற்றினால் நான் பஸ்ஸில்தான் போகவேண்டும். நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் சம்பளத்தைவிடப் பெட்டியின் விலை பல மடங்கு என்பது வேறு கதை.

1997இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிடி-10 மின்னணு டிரம்ஸ் வலைத்தோல் பேடுகளோடு வந்தது. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. மழைக்காட்டிலிருந்து மழைத்துளிவரை எந்த ஓசையையும் பெட்டிக்குள் அடைக்கத் தெரிந்த தொழிலுக்கு, அந்தப் பெட்டியை ஒரு பைக்குள் அடைக்கத் தெரியவில்லையா? கோயிலுக்கு வரும் தவில்காரரைப் பார்க்கிறேன். கருவிக்கு அளவெடுத்துத் தைத்த உறை, மேலே பிடி, தோளில் மாட்டிக்கொண்டு எல்ஆர்டி ரயிலில் ஏறிப்போகிறார். நிற்கக்கூட இடமில்லாத கூட்டத்திலும் அவர் முகத்தில் கவலையில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கும் கோலாலம்பூர் மழையைப் பற்றி நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை. "நீர் புகாது" என்று அட்டையில் எழுதிய பையின் ஜிப் வழியாகத்தான் தண்ணீர் முதலில் போகிறது.

கடைசியில் லோரிக்குக் கன்வாஸ் தைக்கும் ஒரு பெரியவரிடம் போய் நின்றேன். பேடைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நாடா பிடித்தார். "பத்து" என்றார். மூன்று மாதத்தில் சரியான அளவைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். பிறகு கேட்டார்: "இதில் ரொட்டி சானாய் எப்படித் தம்பி போடுவீர்கள்? வலை தீய்ந்துவிடாதா?"