சுடலைமாடனோடு இடம் முடிந்துவிடுகிறது

பாட்டுக் கோப்புகளை இயக்கும் பிளேயர் செயலியில் டீகோடிங் (சுருக்கிய கோப்பை மீண்டும் ஒலியாக்குவது), டேக் (கோப்புக்குள் எழுதிய தலைப்பு முதலான விவரம்) வாசிப்பு இரண்டையும் சரிசெய்யச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு டேக்தான் முதலில். பாளையங்கோட்டையில் அப்பா கேசட்டில் பதிந்து வைத்த கொடைவிழா வில்லுப்பாட்டுகளை எம்பி3 ஆக்கினேன். பெயர்கள் பாதியில் அறுந்து நிற்கின்றன. காரணம், பழைய வகையான ஐடி3வி1 டேக்கில் தலைப்புக்கு 30 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்து, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியே 3 பைட். ‘சுடலைமாடன்’ என்றாலே சரியாக 30, ‘கதை’க்கு இடமில்லை! பிளேயர், நீண்ட தலைப்புக்கும் இடமுள்ள புதிய வகையான ஐடி3வி2வை முதலில் வாசிக்கட்டும், அது இல்லாவிட்டால் மட்டும் பழையதுக்குப் போகட்டும். அப்புறம், நீண்ட கதையைத் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் சின்ன மௌனம். ஒலியை எம்பி3 ஆக்கும் என்கோடர் மென்பொருள் முன்னும் பின்னும் சேர்க்கும் வெற்றொலி அது. லேம் என்ற என்கோடர் அதன் அளவைக் கோப்பிலேயே எழுதிவைக்கிறது. டீகோடர் அதைப் படித்துக் கழித்தால் குடத்தின் தாளம் அறாது.