கணினியைத் திறக்காதீர்கள், ஆளையும் கூப்பிடாதீர்கள்

சிங்கப்பூரில் ஒரு கடையிலோ சங்கத்திலோ பணம் குறைகிறது என்று சந்தேகம் தட்டினால் நம்மில் பலர் முதலில் செய்வது, சம்பந்தப்பட்டவரை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி "உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்பது. அடுத்தது, கணினி தெரிந்த மருமகனை வரவழைத்து அவருடைய மேசைக் கணினியைக் குடைவது. வழக்கின் பாதி பலம் அந்த ஒரு மாலையிலேயே போய்விடும். கேள்வி கேட்கப்பட்டவர் வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப் உரையாடல்கள் அழியும், வங்கிக் கணக்கில் இருப்பது ஊருக்குப் போகும். மருமகன் திறந்து பார்த்த கோப்புகளின் தேதிகள் மாறும். பிறகு "இதை நீங்களே திருத்தியிருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் பதில் இருக்காது.

யார் எடுத்தது என்பது பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடுகிற விஷயம். நீதிமன்றத்தில் கடினமாக இருப்பவை வேறு இரண்டு கேள்விகள். எவ்வளவு என்று ஆவணத்தோடு காட்ட முடியும்? அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? தடயக் கணக்காளர், அதாவது கணக்கேடுகளை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு ஏற்ற ஆதாரம் திரட்டும் கணக்காளர், தேவைப்படுவது இந்த இரண்டுக்கும்தான். அவரைத் துப்பறிவாளராக நினைத்துக் கூப்பிடுபவர்கள் காசையும் விடுகிறார்கள், வழக்கையும் விடுகிறார்கள் என்பது என் கருத்து.

முதல் சில நாளில் சத்தமில்லாமல் செய்ய வேண்டியவை உண்டு. வங்கி டோக்கனையும் கார்ப்பாஸ் (நிறுவனங்கள் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு) அனுமதியையும் வேறொருவருக்கு மாற்றுங்கள். "வருடாந்தர மாற்றம்" என்று சொன்னால் போதும். கணக்கு மென்பொருளில் அந்தப் பயனரை நீக்காதீர்கள், நுழைவை மட்டும் முடக்குங்கள்; யார் எந்த நேரத்தில் எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராப் பதிவை உடனே நகலெடுங்கள், பழையது தானாக அழிந்துகொண்டே இருக்கும். கணினியை நிபுணரே நகலெடுக்கட்டும். அவர் வட்டில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவியை மாட்டி முழு நகல் எடுப்பார், அதற்கு ஒரு ஹேஷ் எண் கணக்கிடுவார். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டு வருடம் கழித்து விசாரணையில் "இது அதே நகல்தான்" என்று சொல்ல அந்த எண்தான் கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. அலுவலகக் கணினியில் அவருடைய சொந்த ஜிமெயில் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தால், கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்.

கணக்காளரை நீங்கள் நேரடியாக நியமிக்காமல் வழக்கறிஞர் மூலம் நியமிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர் வழக்கே பதில் சொல்கிறது. ஏஷியா பசிபிக் புருவரீஸ் நிறுவனத்தின் நிதி மேலாளர் 1999 முதல் 2003 வரை, இயக்குநர் சபைத் தீர்மானங்களைப் போலியாகத் தயாரித்து, நிறுவனத்தின் பெயரில் 4 வெளிநாட்டு வங்கிகளிடம் 117 மில்லியன் வெள்ளி ஏமாற்றினார். 2004இல் அவருக்கு 42 ஆண்டுச் சிறை. வங்கிகள் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டன. நிறுவனம் தன் உள்விசாரணைக்காக வாங்கிய கணக்காய்வு வரைவு அறிக்கைகளையும் கேட்டன. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கத் தேவையில்லை என்றது. வழக்கு வரும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்தது, வழக்குக்காகவே என்பதுதான் அறிக்கையின் முதன்மை நோக்கம் என்பது காரணம். அதே அறிக்கையை "எங்கள் உள்கட்டுப்பாட்டைச் சீர்செய்ய" என்று சாதாரண வேலையாக வாங்கியிருந்தால் கதை மாறியிருக்கும். அதனால் நியமனக் கடிதத்தின் முதல் பத்தியை யார் எழுதுகிறார்கள் என்பதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

"வருடா வருடம் ஆடிட் நடக்கிறதே, அதில் தெரியாதா?" தெரியாது. தணிக்கை மாதிரிகளை எடுத்துப் பார்க்கும். கணக்கு மொத்தத்தில் நியாயமாக இருக்கிறதா என்பதே அதன் கேள்வி. சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலய வழக்கில் 24 மில்லியன் வெள்ளி போலிக் கடன்பத்திரங்களில் போனது. அதை மறைக்க ஏறக்குறைய 26 மில்லியன் சுற்றி வந்து, கடன்பத்திரம் திருப்பிச் செலுத்தப்பட்டதுபோல் கணக்கில் உட்கார்ந்தது. ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்தால் சரிதான். முழுச் சுற்றையும் ஒரே காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்தால்தான் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வரும். இயக்குநராக இருப்பவர்கள் கவனிக்க: அந்த வழக்கில் தண்டனைச் சட்டத்தின் 409ஆம் பிரிவு (நம்பிக்கை மோசடிக்குக் கடுமையான தண்டனை தரும் பிரிவு) இயக்குநருக்குப் பொருந்தாது என்று 2018இல் தீர்ப்பு வந்தது. சட்டம் திருத்தப்பட்டு 2020 ஜனவரி 1 முதல் பொருந்துகிறது. அதிகபட்சம் 20 ஆண்டு அல்லது ஆயுள் சிறை.

நம் வீட்டுக்கு அருகிலேயே இன்னொரு பாடம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் தலைமை அர்ச்சகர் பல ஆண்டுகள் கோயில் நகைகளை அடகு வைத்தார். தணிக்கை வரும்போது வேறு நகையை வைத்து, வைத்ததை மீட்டு, பெட்டியில் அடுக்கிவிடுவார். 2020இல் நடந்த சரிபார்ப்பில் சிக்கினார், 2023இல் 6 ஆண்டுச் சிறை. இதே உருட்டலை வாடிக்கையாளர் பணத்தில் செய்வதை எல்லாத் தொழிலிலும் பார்க்கலாம். முருகன் கட்டிய பணத்தை எடுத்துவிட்டு, அடுத்த வாரம் லட்சுமி கட்டுவதை முருகன் கணக்கில் வரவு வைப்பது. முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வரும் சரிபார்ப்பு இதைப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்கும் வழி, ரசீதில் உள்ள தேதியையும் வங்கியில் பணம் விழுந்த தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது. இடைவெளி 2 நாள், 5 நாள், 9 நாள் என்று நீண்டுகொண்டே போனால் விஷயம் அங்கேதான்.

அந்தக் கோயில் விவகாரத்தில் அடகுத் தொகை 2 மில்லியன் வெள்ளிக்கு மேல் என்று செய்தியில் படித்தோம். ஒரே நகை பலமுறை அடகுக்குப் போய்வந்ததைக் கூட்டிய எண் அது. இழப்பு என்பது வேறு கணக்கு. உரிமையியல் வழக்குகள் சறுக்கும் இடம் இதுதான். ஆத்திரத்தில் மொத்தப் புரட்டலையும் கூட்டி "8 லட்சம் போச்சு" என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு நிபுணர் திரும்பி வந்த 5 லட்சத்தைக் காட்டியதும் மிச்ச 3 லட்சத்தையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்க்கிறார். நல்ல அறிக்கை தொகையை மூன்றாகப் பிரிக்கும்: ஆவணத்தால் நிரூபிக்கப்பட்டது, ஆதாரச் சீட்டு இல்லாதது, விளக்கம் கிடைத்துக் கழிக்கப்பட்டது. "மோசடி" என்ற சொல்லே அதில் இருக்காது. அதைச் சொல்வது நீதிபதியின் வேலை.

போலி இன்வாய்ஸ் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர் நில ஆணையத்தில் செய்யாத கணினிப் பராமரிப்பு வேலைகளுக்கு 12 மில்லியன் வெள்ளிக்கு மேல் பணம் போனது இப்படித்தான்; 2011இல் 22 ஆண்டுத் தண்டனை விழுந்தது. காசு செலவில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை: உள்ளூர் நிறுவனத்தின் யுஇஎன் எண்ணில் (நிறுவனப் பதிவு எண்) முதல் 4 இலக்கம் அது பதிவான ஆண்டு. 2019 தேதியிட்ட இன்வாய்ஸில் 2021 என்று தொடங்கும் எண் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பொருள் சேவை வரி 2022 முடியும்வரை 7%, 2023இல் 8%, 2024 முதல் 9%. பின்தேதியிட்டுத் தயாரித்தவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். வரி வாங்கியிருக்கும் நிறுவனம் அந்த வரிக்கே பதிவு செய்திருக்கிறதா என்று வருவாய் ஆணைய இணையத்தளத்தில் தேடலாம். ஒரே விற்பனையாளரிடமிருந்து மாதாமாதம் வரும் இன்வாய்ஸ்கள் 0041, 0042, 0043 என்று வரிசையாக இருந்தால், அவருக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லாமல் இருக்கலாம். இல்லாத ஆளுக்குச் சம்பளம் போகிறதா என்று பார்க்க, சம்பளப் பட்டியலை மத்திய சேம நிதிப் பதிவோடும் வெளிநாட்டு ஊழியர் தீர்வைப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள்.

முதல் இலக்கத்தில் 1 சுமார் 30.1%, 9 சுமார் 4.6% வரவேண்டும் என்ற பென்ஃபோர்டு விதியைப் பலர் மந்திரம்போல் பேசுகிறார்கள். ஆயிரக்கணக்கான, பலவகைத் தொகைகள் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். மாத வாடகையும் நிலையான விலையும் நிறைந்த சிறுகடைக் கணக்கில் அது உளறும். எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். அவருடைய கணக்கில் சொந்தப் பணம் 30,000 வெள்ளி இருந்தது, உங்களுடைய 100,000 வந்து சேர்ந்தது என்று வையுங்கள். 118,000 கரைத்தார். மிச்சம் 12,000. அடுத்த மாதம் வேறு வருமானம் 60,000 வந்து இருப்பு 72,000 ஆனது. உங்கள் பணம் என்று அந்தக் கணக்கில் கைவைக்க முடிவது 12,000 மட்டுமே. இருப்பு எவ்வளவு கீழே இறங்கியதோ அதுவே எல்லை. பிறகு வந்த பணம் உங்களுடையது ஆகாது. மற்றதற்கு நீங்கள் சாதாரணமாகக் கடன் கொடுத்தவரைப் போலத்தான், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் மத்திய சேம நிதியும் அப்படிக் கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாதவை. கரைத்த பணத்தில் கார் வாங்கியிருந்தால் அதைத் துரத்தலாம். அதனால்தான் நாள்வாரியான இருப்பு தேவை, மாதக் கடைசி இருப்பு உதவாது. அந்த வங்கி அறிக்கை வங்கிச் சட்டத்தின் இரகசியக் காப்புக்குள் இருப்பதால் நீதிமன்ற உத்தரவில்லாமல் வராது.

சொத்து முடக்க உத்தரவுக்கு "அவர் ஏமாற்றினார்" என்பது மட்டும் போதாது. சுவிஸ் ஓவிய வணிகர் ஒருவர் சம்பந்தப்பட்ட 2015 வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடக்கத்தை நீக்கிவிட்டது; சொத்தைக் கரைக்கப்போகிறார் என்பதற்கு உறுதியான ஆதாரம் வேண்டும் என்றது. எதிர்த்தரப்பு இல்லாமல் கேட்கும்போது உங்களுக்குப் பாதகமான உண்மைகளையும் நீங்களே சொல்லியாக வேண்டும். மறைத்தால் உத்தரவு போகும். தவறாக முடக்கினால் நட்டஈடு தருவேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகளின்படி நிபுணர் சாட்சிக்கு அனுமதி வாங்க வேண்டும்; இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணர் போதுமா என்றும் முதலில் யோசிக்க வேண்டும். பணம் கொடுப்பது நீங்கள் என்றாலும் அவருடைய கடமை நீதிமன்றத்துக்கு. "நம்ம ஆளு" என்று நினைத்து அறிக்கையின் வரிகளை மாற்றச் சொல்பவர்கள் குறுக்கு விசாரணையில் அவரையும் சேர்த்துக் கவிழ்க்கிறார்கள்.

காவல்துறையில் புகார் செய்தால் வர்த்தக விவகாரப் பிரிவு வங்கிக் கணக்குகளை உங்களைவிட வேகமாக முடக்கும். ஆனால் ஆவணங்கள் அவர்கள் கைக்குப் போய்விடும். நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள். "திருப்பிக் கட்டிவிடு, போலீசுக்குப் போகமாட்டேன்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதே தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். பணத்தைத் திரும்ப வாங்கும் ஒப்பந்தம் போடலாம், புகார் செய்யாமை அதற்கு விலையாக இருக்கக்கூடாது. அந்தத் தாளை வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போனது 40,000 வெள்ளிதான் என்றால் முழு அறிக்கை கேட்காதீர்கள். 3 மாதக் கணக்கை மட்டும் பார்த்து, மேலே போகலாமா என்று சொல்ல ஒரு முதல்கட்ட ஆய்வு கேளுங்கள், கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டு. சிறு வழக்குகள் பலவற்றுக்கு அதுவே போதும்.

கடைசியாக ஒரு கணக்கு. நிறுவனங்கள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய காலம் 5 ஆண்டு. வழக்குப் போடும் காலம் பொதுவாக 6 ஆண்டு, மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த, அல்லது நியாயமாக முயன்றிருந்தால் தெரியவந்திருக்கக்கூடிய, நாளிலிருந்து எண்ணுவார்கள். வழக்குரிமை உயிரோடு இருக்கும்போதே காகிதம் செத்துவிடலாம். இடத்தை அடைக்கிறது என்று பழைய வவுச்சர் பெட்டிகளைத் தூக்கிப்போட நினைத்திருப்பவர்கள், முதலில் அதை ஸ்கேன் செய்துவிடுங்கள், ஸ்கேன் செய்யும் வேலையை மட்டும் அந்தக் கணக்கை எழுதியவரிடமே கொடுக்காதீர்கள்.