ஆயக்கட்டு போனால் ஏரியும் போகும்

சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது திட்டம் 2026 வரைதான். அடுத்தது 2027 முதல் 2046 வரை. எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது என்று இருபது வருஷத்துக்குச் சேர்த்துத் தீர்மானிக்கப் போகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022இல் 5,904 ஆக விரித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதை நான் எதிர்க்கவில்லை. திட்டமே இல்லாத ஊர்களில் வயல்கள் எப்படி மனையாயின என்று பார்த்தோமே. 2016இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் விற்றுப்போனவற்றை வரன்முறைப்படுத்த மறு வருஷமே விதிகள் வந்தன. எல்லையை விரித்தது சரி, அந்த எல்லைக்குள் எதைத் தொடவே கூடாது என்று முதலில் குறிக்கப்போகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

ஏரிகளைக் குறித்துவிடுவார்கள். வரைபடத்தில் நீல நிறம், நீர்நிலை, கட்டக்கூடாது. ஆனால் ஏரி என்பது தண்ணீர் நிற்கிற பள்ளம் மட்டும் இல்லையே. மேலே தண்ணீர் கொண்டுவருகிற வரத்து வாய்க்கால், கரையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற மதகு, ஓரத்தில் மிகுதி நீர் வழிகிற கலங்கல், கீழே அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெறுகிற வயல்களான ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. அந்த ஆயக்கட்டு வரைபடத்தில் வெறும் விவசாய நிலம். விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற விண்ணப்பம் போடலாம். நாளிதழில் சின்னதாக ஓர் அறிவிப்பு வரும், சர்வே எண்ணும் ஊர்ப் பெயரும் இருக்கும், ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்வார்கள். யார் கண்ணிலும் படாது. அடுத்த வருஷம் அங்கே மஞ்சள் பட்டை அடித்த கற்கள் நிற்கும்.

தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் இப்படித்தான் ஓர் ஏரி செத்துக்கொண்டிருக்கிறது. கீழே நெல் விளைந்தவரை ஏரி நிறைய வேண்டும் என்று நினைக்க ஆட்கள் இருந்தார்கள். மதகைப் பார்த்துக்கொண்டார்கள், வாய்க்காலில் மண் சேர்ந்தால் ஒன்று கூடி எடுத்தார்கள். ஆயக்கட்டில் வீடுகள் வந்ததும் எல்லாம் தலைகீழானது. இப்போது ஏரி நிறைந்தால் கீழே வீட்டுக்குள் தண்ணீர். கலங்கலை உடைத்துத் தண்ணீரை இறக்குங்கள் என்று மனு கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீடு. வாய்க்கால் இருந்த இடத்தில் தார்ச்சாலை, அதற்கடியில் ஒரு சிமெண்ட் குழாய். மதகு வழியாக இப்போது ஏரியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. தெருக்களின் கழிவுநீர் மட்டும் ஏரிக்குள் வருகிறது. ஏரிக்குள் ஒரு சென்ட்கூட ஆக்கிரமிப்பு இல்லை, ஆவணப்படி அது பத்திரமாக இருக்கிறது.

இதன் பெரிய அளவுதான் தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுற்றியுள்ள சுமார் 250 சதுர கிலோமீட்டரின் மழைநீர் அங்கே வந்து ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். 2022இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது, 1,248 ஹெக்டேர் அளவுக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குத் தண்ணீர் அனுப்புகிற மேட்டு ஏரிகளும் வாய்க்கால்களும் அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியானால் ஜனங்கள் எங்கே போவார்கள் என்று கேட்பீர்கள். நகரத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது, மேல்நோக்கி. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ. பல வருஷம் சாதாரணக் கட்டடங்களுக்கு அது 1.5தான் இருந்தது. 2019 விதிகளில்தான் 2 ஆனது. இத்தனை கோடி போட்டு மெட்ரோ கட்டிவிட்டு, நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் நடுத்தரக் குடும்பம் வாடகைக்குப் போக முடியாத நிலையை வைத்திருப்பது பெரிய தவறு. ஏழைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களைக் கொண்டுபோய் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே வைத்தது அரசாங்கம்தான். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேல் வீடுகள். வேலை நகரத்துக்குள், வீடு வெள்ளம் வருகிற இடத்தில்.

வயல் வைத்திருப்பவர் விற்கக் கூடாதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து நிலம் கோடிக்குப் போகும்போது உன் நிலத்தில் நெல் மட்டும் போடு என்று சொல்வது அநியாயம். சாலை அகலப்படுத்த நிலம் கொடுப்பவருக்கு டிடிஆர், அதாவது வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ கூடிய கட்டட உரிமை தர ஏற்கெனவே வழி இருக்கிறது. அதை ஆயக்கட்டுக்கும் நீட்டலாம். நிலத்தை வயலாகவே வைத்திருக்க எழுதிக் கொடுக்கிற விவசாயி, தன் கட்டட உரிமையை மெட்ரோ ஓரம் கட்டுகிறவருக்கு விற்கட்டும். அவருக்கும் பணம், நகரத்துக்கும் வீடு.

கட்டுப்பாடு போட்டாலும் நடக்காது என்பவர்களுக்கு: செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரை ஓர நிலத்தடி நீர் பகுதியிலும் தனிக் கட்டுப்பாடுகள் இரண்டாவது திட்டத்திலேயே இருக்கின்றன. குடிநீருக்காக அதைச் செய்ய முடிந்தபோது ஆயக்கட்டுக்கும் வாய்க்காலுக்கும் ஏன் முடியாது?

வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும்போது உங்கள் ஊர்ப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஏரி நீலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதன் கீழே என்ன நிறம் அடித்திருக்கிறார்கள், வரத்து வாய்க்கால் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வே எண்ணோடு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரிந்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.