4.80 லட்சம் மிச்சமாம்!

அரசு விடுதிக்கு விலை குறைந்த ஃபேனாகப் பார்த்து வாங்கிய அந்த டெண்டர் செய்தியை இரண்டு நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். சால்வை, பூங்கொத்து, "அரசுப் பணத்தில் 4.80 லட்சம் மிச்சம் பிடித்த அதிகாரி" என்று வாழ்த்துப் படம் வேறு. சால்வையில் எனக்குப் பொறாமை இல்லை. கணக்குத்தான் உறுத்துகிறது.

400 சீலிங் ஃபேன். 5 ஸ்டார் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாகக் குடிக்கும் மோட்டார் உள்ள ஃபேன்) 2,700 ரூபாய்க்கு வந்தது, 1 ஸ்டார் 1,500க்கு வந்தது. எல்1, அதாவது குறைந்த விலை கேட்டவர், யார்? 1,500. ஒரு ஃபேனுக்கு 1,200 மிச்சம், 400க்கு 4.80 லட்சம். வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற சாமானாக இருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். ஃபேன் ஓடுமே, சார்.

பழைய 75 வாட் ஃபேனை எதிரே நிறுத்தினால் என் கட்சி இன்னும் சுலபமாக ஜெயிக்கும். அப்படிச் செய்ய மாட்டேன். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அந்த 75 வாட் கதை கடைத்தெருவில் முடிந்துவிட்டது. ஆகவே 1 ஸ்டாருக்கு 52 வாட், பிஎல்டிசிக்கு 30 வாட் என்றே வைக்கிறேன். வித்தியாசம் 22 வாட். விடுதியில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், ஆக 4,800 மணி நேரம். ஒரு ஃபேனுக்கு வருடம் 105.6 யூனிட் கூடுதல். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 845 ரூபாய். 400 ஃபேனுக்கு வருடம் சுமார் 3.38 லட்சம். சால்வை வாங்கிய 4.80 லட்சம் 17 மாதத்தில் கரைந்துவிடும். பதினெட்டாவது மாதத்திலிருந்து நஷ்டம். பத்து வருடத்துக்கு யார் சால்வை போர்த்துவது?

இதைச் சொன்னதும் முதலில் வருகிற பதில்: "சட்டம் எல்1 என்றுதான் சொல்கிறது." அந்தச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், பிரிவு 10. குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கத்தான் சொல்கிறது. ஆனால் எது குறைந்தது என்பதை, டெண்டர் ஆவணத்தில் எழுதிய, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்து, அவற்றுக்கு உரிய எடையும் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. பெட்டிமேல் ஒட்டிய விலையைப் பார் என்று அதில் எங்கே இருக்கிறது? குறைந்த விலை எது என்று டெண்டர் ஆவணம்தான் சொல்லும். ஆவணத்தை எழுதியது நீங்கள், அதிகாரிகளே.

எழுதுவது ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. விலைக் கவரில் ஒரு வரி போதும்: "மதிப்பீட்டு விலை = ஃபேன் விலை + (வாட் × 384)". 384 எங்கிருந்து வந்தது? 4,800 மணி × 10 வருடம் × 8 ரூபாய், 1,000ஆல் வகுத்தால் 384. இப்போது 1 ஸ்டார்: 1,500 + 19,968 = 21,468. பிஎல்டிசி: 2,700 + 11,520 = 14,220. எல்1 யார்? அதே சட்டம், அதே எல்1, ஆள் மாறிவிட்டது. "பத்து வருடம் கழித்து வரும் ரூபாய் இன்றைய ரூபாய் இல்லையே" என்று கணக்கு படித்தவர்கள் கேட்பீர்கள். சரி, வருடத்துக்கு 8 சதவீதம் கழிவு போடுங்கள். வாட்டுக்கு சுமார் 258 ஆகும். அப்போதும் 14,900க்கு எதிரே 10,400.

"ஒரு கம்பெனிக்காக ஸ்பெக் (பொருளின் தர விவரம்) எழுதச் சொல்கிறாயா?" இன்பாக்ஸில் வந்த இந்தக் கேள்விதான் கொஞ்சம் வலித்தது. அந்த வரியில் கம்பெனி பெயர் இருக்கிறதா? பிஎல்டிசி என்ற சொல்லாவது இருக்கிறதா? 28 வாட் ஃபேனுக்கு ஒருவர் 4,200 கேட்டு, 32 வாட் ஃபேனை இன்னொருவர் 2,400க்குக் கொடுத்தால், 32 வாட்காரர்தான் ஜெயிப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறு உற்பத்தியாளர் பாதிக்கப்படுவார் என்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

"பிஎல்டிசிக்கு ரிமோட் வேண்டுமே, அது தொலைந்தால்?" என்கிற விஷயம் வேறு. அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பிஎல்டிசி மாட்டிய விடுதிகளில் ஆறாவது மாதம் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு அறையில் ரிமோட்டைச் சணல் கயிற்றில் ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்திருப்பார்கள், அடுத்த அறையில் கயிறு மட்டும் தொங்கும். அதைவிடப் பெரிய வினை சுவரில் இருக்கிறது: பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே புது ஃபேனுக்கு லைன் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு அது ஆகாது, சீக்கிரமே போகும். சாதா ஃபேன் சுற்றவில்லை என்றால் 2.5 மைக்ரோஃபாரட் கன்டென்சரை மாற்றி, தெருமுனை எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் ஓட வைப்பார். போர்டு போனால் அவர் கையை விரிப்பார். உடனே "பிஎல்டிசியே மோசம்" என்று பெயர்.

ஃபேன் மோசமில்லை, கொள்முதல் மோசம். இதையெல்லாம் ஆவணத்தில் எழுத வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுப்பது ஒப்பந்ததாரர் வேலை. ரிமோட் பத்து சதவீதம் கூடுதல், இல்லாவிட்டால் சுவர்க் கட்டுப்பாடு உள்ள மாடலே கேளுங்கள். போர்டு மூன்று சதவீதம் உதிரியாக ஸ்டோரில் இருக்கட்டும். இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் ஐந்து வருட வாரண்டி, அதற்கு ஈடாக பேங்க் கேரண்டி. காற்றின் அளவையும் விடாதீர்கள். வாட் மட்டும் கேட்டால் சுற்றியும் காற்றே வராத ஃபேன் வந்து சேரும். 1,200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு நிமிடத்துக்கு 210 கனமீட்டராவது இருக்க வேண்டும் என்று போட்டு, ஐஎஸ் 374 தரப்படி என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைத் தொழில்நுட்பக் கவரில் கேளுங்கள். லாரி வந்து இறங்கும்போது அந்த அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பத்துப் பெட்டியைக் கண்ணை மூடி எடுத்து, வாட் மீட்டரில் மாட்டிப் பாருங்கள். சாம்பிளுக்கு 30 வாட் காட்டி, சப்ளையில் 38 வாட் வந்தால் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

அடுத்தது ஆடிட். "ஏன் எல்1ஐ விட்டாய் என்று தணிக்கையில் ஆட்சேபப் பாரா எழுதினால் என் பென்ஷன் போகும்." இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சூத்திரம் ஆவணத்தில் இருந்தால் 2,700 ரூபாய் ஃபேன்தானே எல்1? பிறகு எதை விட்டதாகப் பாரா எழுதுவார்கள்? குறைந்த விலை எது என்று ஆவணம்தான் சொல்லும் என்று எத்தனை தடவை சொல்வது? மத்திய அரசுத் துறைகளின் 2017 பொது நிதி விதிகள், மின்சாதனம் வாங்கும்போது ஸ்டார் தரத்தைப் பார்க்கச் சொல்கின்றன. பொருள் கொள்முதலுக்கு இல்லாவிட்டாலும், பணிகளுக்கும் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் சில நேர்வுகளில் தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்கலாம், 30 சதவீதத்துக்கு மிகாமல், என்று 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வழிகாட்டுதலே கொடுத்தது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

காகிதத்தில் இல்லாதது தலைமை. ஃபேன் வாங்கும் பணம் ஒரு கணக்குத் தலைப்பு, ஈபி பில் வேறு தலைப்பு. வாங்குகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நாற்காலி மேலே ஒன்றுதான் இருக்கிறது. அந்த நாற்காலியில் இருப்பவர் "இனி இந்தச் சூத்திரப்படிதான்" என்று ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டால் கீழே இருப்பவர் தைரியமாக எழுதுவார். எல்இடி பல்பில் நடந்தது அதுதானே? மத்திய அரசு நிறுவனம் ஒன்று பல மாநிலத் தேவையை ஒன்றாகச் சேர்த்து, தரத்தை எழுதி டெண்டர் விட்டது. 2014இல் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்ப் 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. போட்டியால்தான் இறங்கியது, எல்1 அங்கேயும் உண்டு. ஆனால் எதற்குப் போட்டி என்று முதலில் முடிவு செய்துவிட்டார்கள்.

நம் ஊரில்? மார்ச் 31க்குள் நிதியைச் செலவழிக்காவிட்டால் காலாவதி. பிப்ரவரியில் கோப்பு எழும்பும். போன தடவை டெண்டரை எடுத்துத் தேதியை மாற்றுவார்கள். வாட் கணக்குப் போட்டு ஒரு இளநிலைப் பொறியாளர் நோட் வைத்தால், "பேசவும்" என்று எழுதித் திரும்பி வரும். யாரும் பேச மாட்டார்கள். மூன்றாவது முறை அவரே தாளை உருவிவிடுவார். அந்தப் பொறியாளர்களுக்கு யாராவது சால்வை போர்த்தி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"எல்லாவற்றிலும் குறை சொல்வதே உனக்கு வேலை" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஃபேன் மாட்டியாகிவிட்டது, கழற்றச் சொல்லவில்லை. பக்கத்து விடுதிக்கு இன்னும் 260 ஃபேன் வாங்கவேண்டி இருக்கிறது, ஆவணம் இன்னும் தயாராகவில்லை. வாட்டுக்கு 384 ரூபாய். ஒரு வரிதான், சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.