பிரிட்டன் நீதிமன்றம் சொன்னது என்ன?

"சுற்றுச்சூழல்வாதம் ஒரு மதம்தான், பிரிட்டன் நீதிமன்றமே 2009-இல் அப்படித் தீர்ப்பளித்துவிட்டது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் அப்படி இல்லை என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

வழக்கு, கிரெய்ஞ்சர் எதிர் நிக்கல்சன். கிரெய்ஞ்சர் நிறுவனத்தில் வேலையிழந்த டிம் நிக்கல்சன், பருவநிலை மாற்றம் பற்றிய தன் கொள்கைக்காகவே பாகுபாடு காட்டப்பட்டதாக முறையிட்டார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் இருந்தது ஒரே கேள்விதான்: வேலைவாய்ப்புச் சட்டம் காக்கும் 'தத்துவ நம்பிக்கை' என்ற பிரிவில் இது சேர முடியுமா? உண்மையாகவே கடைப்பிடிக்கப்பட்டால் சேர முடியும் என்றார் நீதிபதி பர்ட்டன். அறிவியலை அடிப்படையாகக் கொண்ட நம்பிக்கைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. அதை அவர் ஏற்கவில்லை. சுற்றுச்சூழல்வாதம் மதத்துக்கு ஒப்பானதா என்று பேசும் நமக்கு இந்த இடம் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நிக்கல்சனுக்குப் பாகுபாடு நடந்ததா என்பதைக்கூட அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

சரிபார்ப்பது எளிது. வழக்கின் பெயரைத் தேடினால் முழுத் தீர்ப்பும் இலவசமாகக் கிடைக்கும். பிறகு பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், 10-ஆம் பிரிவைப் பாருங்கள். மதமும் நம்பிக்கையும் அங்கே தனித்தனி உட்பிரிவுகள். மதம் இல்லாதவர்களுக்கும் அதே பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பாதுகாக்கப்படுவதெல்லாம் மதம் என்றால், நாத்திகத்தையும் மதம் என்றே சொல்ல வேண்டியிருக்கும்.