கடையில் ஒரு வாரம் இருந்த மீனுக்கும் தனித்தொட்டி வேண்டும்

"கடையில் ஒரு வாரம் வெள்ளைப்புள்ளி இல்லாமல் நீந்திய கடல்மீனை நேரே பெரிய தொட்டியில் விடலாம்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, அது சரியில்லை.

இந்த வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியன் (Cryptocaryon) என்ற ஒட்டுண்ணி. மீன்மேல் அது 3 முதல் 7 நாள்தான் இருக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடுகட்டிப் பெருகும். கூட்டிலிருந்து புதியவை பெரும்பாலும் 28 நாளுக்குள் வரும், 72 நாள் தாமதித்ததும் பதிவாகியிருக்கிறது. செவுளுக்குள் மட்டும் ஒட்டியிருந்தால் உடம்பில் புள்ளியே தெரியாது. சில கடைகள் தண்ணீரில் உப்பைக் குறைத்தோ செம்பு மருந்து கலந்தோ வைப்பதால் நோய் அடங்கியும் கிடக்கும். இதுதான் பலரை ஏமாற்றுகிறது.

நீங்களே பார்க்கலாம். மீன் வந்த பையின் தண்ணீரில் உப்பளவையும் செம்பையும் சோதியுங்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தின் மீன்நோய்க் குறிப்பு இணையத்தில் இலவசம். ஒட்டுண்ணியின் பெயரைப் போட்டுத் தேடினால் வாழ்க்கைச் சுழற்சி முழுதும் இருக்கும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை போய் மீன் வாங்கும் நம் தோட்டத்துத் தம்பிகளே, மணல் இல்லாத சின்னத் தொட்டியும் மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டும் போதும். குறைந்தது 30 நாள் அதில் வைத்துக் கவனியுங்கள். பெரிய தொட்டிக்குள் நோய் புகுந்தபின் செம்பு போட்டால் பவளமும் இறாலும் செத்துவிடும்.